புது என்ஜினுக்கு அழுக்குப் பூசுகிறார்கள்!

கடையில் வாங்கிய குட்டி ரெயில் என்ஜின். புத்தம் புதியது. பளபள என்று மின்னுகிறது. விலையும் அதிகம்.

அதை வாங்கியவர் என்ன செய்கிறார் தெரியுமா? அதன் மேல் கரியைப் பூசுகிறார். துருவைப் பூசுகிறார். புழுதியைத் தூவுகிறார்!

"இது என்ன பைத்தியக்காரத்தனம்?" என்று கேட்கத் தோன்றும். பைத்தியம் அல்ல, இது ஒரு கலை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளமான பேர் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள்.

வீட்டுக்குள் ஒரு ரெயில்வே

இந்தக் கலைக்குப் புகழ் தேடித் தந்தவர்களில் ஒருவர் ஜான் ஆலன். அமெரிக்காவில் 1913-ம் ஆண்டு பிறந்தவர். தொழில், போட்டோ பிடிப்பது.

கலிபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில், தம் வீட்டின் அடித்தளத்தில் அவர் ஒரு ரெயில்வேயையே அமைத்தார். மலைகள், பாலங்கள், ஊர்கள், ரெயில்கள் எல்லாம் அங்கே இருந்தன. எல்லாம் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்த அளவில் ஒரு மனிதனின் உயரம் 2 சென்டிமீட்டர்தான்!

அவருடைய என்ஜின்கள் பளபளக்கவில்லை. கட்டிடங்களில் சாயம் மங்கியிருந்தது. தகரத்தில் துரு ஏறியிருந்தது. அதனால்தான் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் நிஜ ரெயில் என்றே எண்ணி மயங்கினார்கள்.

பெயிண்ட் போதாதா?

துருவின் நிறத்தைப் பெயிண்டால் பூசினால் போதாதா? போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குட்டி என்ஜினில் பிரஷ்ஷால் 1 மில்லிமீட்டர் அகலத்தில் கோடு இழுத்தால், நிஜ என்ஜினில் அது கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் பட்டை! துரு அப்படிப் பட்டை பட்டையாகப் பிடிப்பதில்லை. ஓரத்தில் மெல்லக் கரைந்து மறையும்.

அதற்கு மாவு போன்ற பொடிதான் ஏற்றது.

பொடி செய்வது எப்படி?

ஓவியர்கள் உபயோகிக்கும் பேஸ்டல் கட்டியை வாங்குகிறார்கள். உலர்ந்த கட்டியாக இருக்க வேண்டும். எண்ணெய் கலந்த பேஸ்டல் உதவாது, அது பொடியாகாது.

கட்டியை உப்புத்தாளில் தேய்த்தால் பொடி உதிரும். கறுப்பு, வெள்ளை, காவி, பழுப்பு ஆகிய நான்கு நிறங்கள் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காவிக்கு நிறம் கொடுப்பது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். துருவும் அந்த இனம்தான். ஆக, காவிப் பொடி துருவுக்குச் சொந்தக்காரன்!

வழுவழுப்பான பரப்பில் பொடி நிற்காது. எனவே பளபளப்பு இல்லாத வார்னிஷை முதலில் தெளித்து, நன்றாக உலர விடுகிறார்கள். பிறகு மெல்லிய பிரஷ்ஷால் பொடியைத் தொட்டுத் தடவுகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் ஈரத் துணியால் பெரும்பகுதியைத் துடைத்துவிடலாம்.

கடைசியில் மறுபடியும் வார்னிஷ் தெளித்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் நிறம் மங்கும். வெளிர் நிறங்கள் மறைந்தே போகும். அதனால் மெல்லத் தெளித்து, வேண்டிய இடத்தில் மறுபடியும் பொடி இடுகிறார்கள்.

எங்கே அழுக்கு? எங்கே பளபளப்பு?

கண்ட இடத்தில் அழுக்கைப் பூசினால் என்ஜின் வேலை செய்ததாகத் தோன்றாது. சேற்றில் விழுந்ததாகத் தோன்றும்!

புகைபோக்கியைச் சுற்றியும் கூரை மேலும் கறுப்பு. கீழ்ப் பாகங்களில் புழுதி நிறம். மழை நீர் மேலிருந்து கீழே வழியும். துருக்கறையும் அப்படியே வழியும். எனவே பிரஷ்ஷும் மேலிருந்து கீழே போக வேண்டும். பாய்லர் நீர் கசியும் இடத்தில் வெள்ளைக் கறை. நீரில் உள்ள சுண்ணாம்புதான் அங்கே படிகிறது.

டிரைவர் ஏறும் படியின் நடுவில் பொடி கூடாது. பலர் மிதித்து மிதித்து அங்கே இரும்பு பளிச்சென்று இருக்கும். சக்கரத்தின் விளிம்பிலும் கூடாது. தண்டவாளத்தில் உராய்வதால் அது தேய்ந்து மின்னும். தவிர, குட்டி ரெயிலுக்கு மின்சாரம் சக்கரத்தின் வழியாகத்தான் வருகிறது. அங்கே பொடி படிந்தால் ரெயில் நின்றுவிடும்!

ஆகவே, ஓர் இயந்திரம் எப்படி உழைக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதற்குச் சரியாக அழுக்குப் பூச முடியும்.

ஓர் எச்சரிக்கை. சில நிறங்களில் உடலுக்குத் தீங்கான உலோகங்கள் உண்டு. நச்சு இல்லாத கட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். பொடியை வாயால் ஊதக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

தீயில் போனது

1973-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி ஜான் ஆலன் மாரடைப்பால் இறந்தார். சில நாட்களிலேயே அந்த அடித்தளத்தில் தீப்பிடித்தது. அவர் பல ஆண்டுகள் பாடுபட்டு அமைத்த மலைகளும் ஊர்களும் பெரும்பாலும் அழிந்தன.

படங்கள் மிஞ்சின. அவருடைய வேலையைப் பற்றி லின் வெஸ்ட்காட் எழுதிய நூல் 1981-ல் வெளிவந்தது. அந்தப் படங்களில் கூரைகளின் துருவும் சுவர்களின் கறையும் இன்றும் அப்படியே இருக்கின்றன. புதிதாக இந்தக் கலையைப் பழகுகிறவர்கள் அவற்றைப் பார்த்துப் பாடம் கற்கிறார்கள்.