மானூர்ச் சாசனமும் நமது சங்க நிர்வாகமும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர்கள் கூறும் முறையீடுகளைக் கூர்ந்து கேட்டால் ஓர் உண்மை புலப்படும். "கூலி போதவில்லை" என்னும் குரல் எங்கும் உண்டு. ஆயினும் அதனினும் கசப்போடு எழும் குரல் வேறொன்று: "அவருக்குப் பாவு கொடுத்தார்கள், என்னை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள், ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை." குறைந்த கூலியைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர், காரணம் கூறாத பாரபட்சத்தைப் பொறுப்பதில்லை.

குற்றாலத்துச் சாரற் காலத்தை அறிந்தவர்களுக்கு இதனை நெடிது விளக்க வேண்டுவதில்லை. பேரருவியில் வெள்ளம் மிகுந்தவுடன் காவலர் குளிப்பதற்குத் தடை விதிக்கின்றனர். நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்களும் சற்றே முணுமுணுத்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றனர். தடை அனைவர்க்கும் பொது. அதன் காரணமோ கண்ணெதிரே பாறைமீது முழங்கிக்கொண்டிருக்கிறது. அதே வேளையில், தெரிந்தவர் என்பதற்காக ஒருவரை மட்டும் கயிற்றைத் தாண்டி உள்ளே விட்டால், அங்கே எழும் கூச்சல் அருவியின் ஓசையையும் அடக்கிவிடும். இரண்டு வேளையிலும் நமக்குக் கிடைத்தது ஒன்றே: குளிக்க இயலவில்லை. மாறியது முடிவு செய்யப்பட்ட முறை மட்டுமே.

இந்த முறையைப் பற்றி நம் முன்னோர் ஆழ்ந்து சிந்தித்ததற்குச் சான்று, அக்குற்றாலத்து நீர் சென்று சேரும் ஓர் ஊரிலேயே இருக்கிறது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடிச் சீவலப்பேரிக்கருகில் தாமிரபரணியோடு கலக்கின்றது. வழியில் பல அணைக்கட்டுகள் அதன் நீரைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. அவற்றுள் ஒன்று மானூர்க் குளத்திற்கு நீர் ஊட்டுவது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள அம்மானூரின் அம்பலவாணர் கோயிலில், பாண்டியன் மாறஞ்சடையனின் முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டில் பொறித்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது ஏறத்தாழக் கி.பி. 800ஐ ஒட்டியது என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். உள்ளாட்சிக்குப் பெயர்பெற்ற உத்திரமேரூர்ச் சாசனங்கள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றிற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டது நம் மானூர்ச் சாசனம். இதனை நம் வட்டாரத்தார் பலர் அறியாதிருப்பது வியப்பே.

அச்சாசனம் கூறுவது என்ன? ஊர்ச் சபையார் கூடித் தங்கள் சபை நடக்கவேண்டிய விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டனர். ஊரில் பங்குடையவர் என்பது மட்டும் சபையில் அமர்வதற்குப் போதாது. நல்லொழுக்கமும் குறித்த கல்வியும் வேண்டும். பங்கு தந்தைவழி வந்ததா, விலைக்கு வாங்கியதா, சீதனமாகப் பெற்றதா என்பதற்கேற்பத் தகுதியும் வேறுபட்டது. விலைக்கு வாங்கி வருவோர்க்குக் கூடுதலான கல்வி கேட்கப்பட்டது. இவையெல்லாம் அக்காலத்து அந்தணர் ஊர் ஒன்றின் சபைக்கு உரியவை. உழுதவர்க்கும் நெய்தவர்க்கும் பெண்டிர்க்கும் அச்சபையில் இடம் இல்லை. அதனை மறைத்துப் பழம்பெருமை பேசுவதில் பயனில்லை. நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது அதன் இறுதியில் வரும் ஒரு விதியை.

சபையில் எந்தக் காரியம் எடுக்கப்பட்டாலும் "அன்று, அன்று" என்று மறுத்துக்கொண்டே இருப்பவர்கள் இருந்தனர் போலும். இதனைச் சாசனம் 'குத்துக்கால் செய்தல்' என்று குறிக்கிறது. அவ்வாறு செய்தவரும், அவருக்கு உறவாய் உடன் நின்றவரும் தனித்தனியே ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். செலுத்திய பின்னும் சபையின் விதிக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னும் கூட்டம் என்றால் இப்படித்தான் இருந்திருக்கிறது என்று எண்ணும்போது சற்று ஆறுதலாகவும் இருக்கிறது!

ஆனால் இவ்விதி இருமுனைக் கத்தி போன்றது. வேண்டுமென்றே காரியத்தைக் கெடுப்பவரை அடக்க அது உதவும். நியாயமான ஐயத்தை எழுப்புகின்றவரின் வாயை அடைக்கவும் அதுவே உதவும். தலைவருக்குப் பிடிக்காத கேள்வி எல்லாம் குத்துக்கால் ஆகிவிட்டால் சபை எதற்கு? அவ்விதியை இன்று அப்படியே கைக்கொள்ளலாகாது என்பது நம் கருத்து. எனினும் அதன் உட்கருத்து ஏற்கத்தக்கது. மறுப்பவர் காரணம் கூற வேண்டும். இயன்றால் மாற்று வழி ஒன்றும் கூற வேண்டும். அவர் காரணம் கூறினால், நிர்வாகக் குழு அம்மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பான்மையோர் முடிவு செய்த பின், மறுத்தவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கூட்டத்தில் வாய் திறவாதிருந்துவிட்டுத் தேநீர்க் கடையில் அமர்ந்து தீர்மானத்தைப் பழிப்பது இம்மூன்றிலும் சேராது. அதுவும் ஒருவகைக் குத்துக்காலே.

இனி நம் சங்கங்களுக்கு வருவோம். கடையநல்லூர், புளியங்குடி, சங்கரன்கோவில் வட்டாரங்களில் கைத்தறி நெசவு நெடுங்காலம் குடும்பங்களைக் காத்து வந்தது. விசைத்தறி பெருகிய பின் கைத்தறிக்கு வேலை சுருங்கியது. வேலை நிறைந்திருக்கும் நாளில் எவருக்கும் நியாயத்தைப் பற்றிய கவலை எழுவதில்லை. வேலை குறையும்போதுதான் நிர்வாகத்தின் தராசு சோதனைக்கு உள்ளாகின்றது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு சங்கத்தில் அறுபது தறிகள் உண்டு. வந்திருக்கும் நூலோ நாற்பது பாவுக்கே போதும். எவருக்குக் கொடுப்பது? முறை வைத்துக் கொடுக்கலாம்: சென்ற தடவை பெறாதவர் இந்தத் தடவை பெறுவார். திறமை பார்த்துக் கொடுக்கலாம்: குறித்த நாளில் குறித்த ரகத்தைப் பழுதின்றி நெய்து தருபவர்க்கே முதலிடம். தேவை பார்த்தும் கொடுக்கலாம்: வேறு வருவாய் இல்லாத விதவையின் தறி நின்றால் அடுப்பும் நிற்கும், வீட்டில் இருவர் வெளியே சம்பாதிப்பவர்க்கு ஒரு வாரம் பெரிதன்று. இம்மூன்றில் எது நியாயம் என்று கேட்டால், மூன்றும் நியாயமே. கோ-ஆப்டெக்சுக்கு நாள் குறித்து அனுப்பவேண்டிய சேலையைப் பழக்கமில்லாத கையில் கொடுத்தால் சங்கத்திற்கே நட்டம். திறமையாளர்க்கே எப்போதும் கொடுத்தால் மற்றவர் கை பழகுவது எவ்வாறு?

அநியாயம் நுழையும் இடம் வேறு. பெயரைப் பார்த்த பின் விதியைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் அது நுழைகின்றது. குழு அங்கத்தினரின் மைத்துனர் வந்தால் "திறமை" என்பர். சென்ற மகாசபையில் கேள்வி கேட்டவர் வந்தால் "முறை இன்னும் வரவில்லை" என்பர். மற்றொருவர் வந்தால் "பாவம், கஷ்டப்படுகிறார்" என்பர். ஒவ்வொரு காரணமும் தனியே பார்க்கும்போது குற்றமற்றது. சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் முகம் தெரியும். இதனைச் செய்பவர் எப்போதும் கெட்ட எண்ணம் உடையவர் என்று கூறுவதற்கில்லை. வேண்டியவருக்கு நன்மை செய்யும்போது நல்ல காரணம் ஒன்று தானே வந்து கைகொடுக்கிறது.

ஆகவே, பங்கீட்டு விதி நூல் வருமுன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். நாள் குறித்த ஆர்டருக்கு இத்தனை பாவு திறமை பார்த்து. மீதம் பதிவேட்டின் வரிசைப்படி. இடர்ப்பட்ட குடும்பங்களுக்கென ஒதுக்கிய சில பாவுகள் மட்டும் குழுவின் முடிவுப்படி, காரணம் எழுதி. விகிதம் எவ்வாறேனும் இருக்கலாம். அதனை மகாசபை முடிவு செய்யட்டும். குழு அங்கத்தினர் தம் தறியைப் பற்றியோ உறவினர் தறியைப் பற்றியோ பேச்சு வரும்போது எழுந்து வெளியே செல்வது நலம். உத்திரமேரூரார் இதில் மிகக் கண்டிப்பாக இருந்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கு உரியவராகார் என்று விதித்தனர். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. ஓலைகளைக் குடத்திலிட்டுச் சபையார் கண்ணெதிரே ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர்.

பாவுப் பங்கீட்டை அடுத்து மனத்தாங்கல் மிகுவது துணி ஒப்படைக்கும் மேசையில். நெய்த துணியைப் பார்த்து, இழை அறுந்தது, கரை கோணியது என்று கூலியில் பிடித்தம் செய்கின்றனர். பிடித்தம் வேண்டாம் என்பதற்கில்லை. பழுதுபட்ட துணி விற்காவிடில் நட்டம் அனைவர்க்கும். ஆனால் பிடிக்குமுன் நெய்தவரிடம் பழுதைக் காட்ட வேண்டும். அவர் கூறுவதையும் கேட்க வேண்டும். சில வேளை குற்றம் கையில் இராது. சங்கம் கொடுத்த நூலிலேயே இருக்கும். எலுமிச்சை பயிரிடுவோர் சங்கத்திலும் இதே நியாயந்தான்: மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று கூறுபவர், எந்தக் காய் கழிவு என்பதைக் கொண்டுவந்தவர் பார்க்கப் பிரித்துக் காட்டட்டும்.

காரணம் கூறுவதால் என்ன ஆகப்போகிறது, பணம் பணந்தானே என்று சிலர் நினைக்கலாம். இதனைச் சோதித்துப் பார்த்தவர் உண்டு. ஜெரால்டு கிரீன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1990இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார. ஆர்டர் இழந்த ஒரு கம்பெனி தன் இரண்டு தொழிற்சாலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தது. ஒன்றில் மேலாளர்கள் தொழிலாளரைக் கூட்டி வைத்து, கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கு நெடுநேரம் விடை கூறினர். மற்றொன்றில் சில நிமிடங்களில் செய்தியை மட்டும் கூறி முடித்தனர். குறைப்பு இரண்டிலும் ஒன்றே. பொருள்கள் களவு போவது இரண்டிலும் கூடியது. ஆனால் காரணம் கூறாத ஆலையில் மிக அதிகமாகக் கூடியது. பழைய சம்பளம் திரும்பியதும் களவும் பழைய அளவுக்கு இறங்கிற்று. நூல் எடை குறைகிறது, கழி கணக்கில் வரவில்லை என்று வருந்தும் சங்கங்கள், பூட்டை மாற்றுமுன் இதனைச் சிந்திப்பது தகும்.

கேட்பார் இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு நம் பகுதியின் வரலாறே சான்று. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கோரிக்கைகளுள் முக்கியமானவை. வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். சில நாட்களில் நிர்வாகம் இணங்கியது. இணங்கக்கூடிய கோரிக்கையே அது. ஆயினும் ஆலை நின்ற பிறகுதான் அது காதில் விழுந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் முதலாளியும் தொழிலாளியும் வேறல்லர் என்று நாம் பெருமை கொள்கிறோம். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் இருபத்தெட்டுப் பேர் தொடங்கிய சங்கத்திலிருந்து வழிவழியாக வந்த விதி, பங்கு எத்தனை இருப்பினும் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது. ஆனால் சங்கத்திலும் சம்பளத்திற்கு வேலை செய்வோர் உண்டு என்பதை அங்கத்தினர் மறந்துவிடுகின்றனர். குமாஸ்தாவும் விற்பனையாளரும் காவற்காரரும் நம் ஊழியர்கள். குழு அங்கத்தினர் ஒருவர் வழியில் கண்டு, "இன்னாருக்குப் பாவு கொடுத்துவிடு" என்று வாய்மொழியாகக் கூறுகிறார். கொடுத்தால் விதி மீறல். கொடாவிட்டால் வேலைக்கு ஆபத்து. பின்னர்த் தணிக்கையில் அகப்படுபவர் குமாஸ்தாவே. வாய்மொழி உத்தரவு செல்லாது என்று ஒரே வரித் தீர்மானம் நிறைவேற்றினால் அவருக்கு அது பெரிய காப்பு. ஊழியர்மீது குற்றம் எழும்போதும், குற்றம் இன்னதென எழுத்தில் கொடுத்து, விளக்கம் பெற்று, விசாரித்த பின்னரே தண்டனையைப் பற்றிப் பேச வேண்டும். குற்றம் சாட்டியவரே விசாரிக்க அமர்தல் கூடாது.

சங்கத்திற்குள்ளே தீராத பிணக்கைக் கொண்டுசெல்ல வழி இருக்கிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு 1988இல் நடைமுறைக்கு வந்தது. சங்கத்திற்கும் அங்கத்தினர்க்கும் இடையே எழும் பிணக்குகளைப் பதிவாளரிடம் கொண்டுசெல்ல அதன் 90ஆம் பிரிவு இடமளிக்கிறது. நெசவாளர் சங்கங்களுக்குக் கைத்தறித் துறை இயக்குநரே பதிவாளரின் அதிகாரத்தைச் செலுத்துகிறார். ஆனால் அவ்வழி நீண்டது. அங்கும் முதலில் கேட்கப்படுவது எழுத்தில் இருப்பதைத்தான். எழுத்தில் ஒன்றும் இல்லையெனில் அங்கத்தினர் பக்கமும் நிற்காது, நிர்வாகத்தின் பக்கமும் நிற்காது.

அடுத்த மகாசபைக்கான அறிவிப்பு வரும்போது, வரவு செலவுக் கணக்கோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் கேட்டு வாருங்கள். பாவுப் பங்கீட்டுக்குப் பதிவேடு உண்டா? அதனை எந்த அங்கத்தினரும் எந்த நாளிலும் கேட்டுப் பார்க்கலாமா? இரண்டாவது கேள்விக்குத் தலைவர் தயங்கினால், அதனைத் தீர்மானமாகவே முன்மொழியலாம். வழிமொழிய ஒருவர் கட்டாயம் இருப்பார்.