எடிசன் கண்ட நிழல்

மனித சமூகத்தின் நன்றிக்கு உரியவர்களுள் தாமஸ் ஆல்வா எடிசனுக்கு ஓர் உயர்ந்த ஆசனம் உண்டு என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இராது. ஆனால் அந்த ஆசனம் நியூட்டனும் ஃபாரடேயும் வீற்றிருக்கும் வரிசையில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லையென்றே நான் சொல்வேன். அதனால் அவருடைய கீர்த்தி ஓர் அணுவும் குறையாது. கருவிகளைப் படைப்பவருக்கும் இயற்கையின் இரகசியத்தைத் தேடும் விஞ்ஞானிக்கும் உள்ள பேதத்தை, அவருடைய வாழ்க்கையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே விளக்கிவிடுகிறது.

1879-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்து மென்லோ பார்க்கில், காற்றை அகற்றிய கண்ணாடிக் குமிழினுள் கரியாக்கிய நூலிழையை வைத்து, அதில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளிரச் செய்த எடிசனை, அந்த வெற்றிக்குப் பின் ஒரு குறை ஓயாமல் வாட்டியது. விளக்கு எரிய எரியக் குமிழின் உட்புறம் கரி படிந்து மங்கியது. அந்தக் கரியின் நடுவே, இழையின் ஒரு காலுக்கு நேராக மட்டும், கரி படியாத மெல்லிய கோடொன்று நிழல்போலத் தெரிந்தது. காரணம் அறிய, குமிழுக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டை வைத்துப் பார்த்தார். இழைக்கும் தகட்டுக்கும் இடையே இருந்தது வெற்றிடமே. ஆயினும் தகட்டை நேர்முனையோடு இணைத்தபோது மின்னோட்டத்தைக் காட்டும் கருவியின் முள் அசைந்தது. எதிர்முனையோடு இணைத்தபோது அசையாமல் நின்றது.

ஒன்றுமில்லாத வெளியில், அதுவும் ஒரே திசையில், மின்சாரம் எப்படிப் பாயும்? விஞ்ஞானியின் உள்ளம் படைத்தவனை உறங்கவிடாத கேள்வி இது. எடிசனோ, மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்ட இது உதவும் என்று கண்டு, 1883-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, மறு ஆண்டில் அதைப் பெற்றதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. 1882-இலேயே நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்து, தெருக்களின் அடியில் கம்பி புதைத்து, வீடுகளுக்கு ஒளி கொடுக்கத் தொடங்கிவிட்டவருக்கு, விளக்கு எரிகிறதா என்பதே முதற் கேள்வி. எரிந்தபின் அடுத்த வேலை காத்துக்கொண்டிருந்தது.

விஞ்ஞானம் முன்னே செல்ல, கருவி பின்தொடர்கிறது என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். அது எப்போதும் உண்மையன்று. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரம் உலகத்தை மாற்றத் தொடங்கிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே, 1824-இல், வெப்பம் எவ்வாறு இயங்கு சக்தியாகிறது என்பதைப் பிரான்சு தேசத்துக் கார்னோ ஆராய்ந்து எழுதினார்.

எடிசன் விட்ட கேள்விக்கும் விடை பின்னரே வந்தது. 1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். சூடேறிய இழையிலிருந்து புறப்பட்டுத் தகட்டை நாடி ஓடியவை அந்த எலெக்ட்ரான்களே என்பது பிறகு விளங்கிற்று. முன்னர் லண்டனில் எடிசன் கம்பெனிக்கு ஆலோசகராயிருந்த ஃபிளெமிங், 1904-இல் அதே அமைப்பைக் கொண்டு கம்பியில்லாத் தந்தியின் அலைகளை உணரும் வால்வைச் செய்தார். வெப்பத்துக்கும் எலெக்ட்ரான் வெளிப்பாட்டுக்கும் உள்ள விதியைக் கணித்து நிறுவிய ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. மொத்தம் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளுக்கு உரியவரான எடிசன் அப்போது எண்பது வயதைக் கடந்து உயிருடன் இருந்தார். பரிசு சேர வேண்டியவரிடமே சேர்ந்தது.