நம்ம ஊர் கோச்சுக்கு எத்தனை நாள் கொடுப்போம்?

2023 ஜூன் 21. பெங்களூர் கண்டீரவா ஸ்டேடியத்தில் மழை. தெற்காசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் முதல் ஆட்டம், எதிரே பாகிஸ்தான். சுனில் சேத்ரி இரண்டு கோல் போட்டாயிற்று, இடைவேளைக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. பாகிஸ்தான் வீரர் ஒருவர் த்ரோ எறியக் கையைத் தூக்கியபோது, கோட்டுக்கு வெளியே நின்றிருந்த இந்திய கோச் இகோர் ஸ்டிமாச் அந்தப் பந்தை அவர் கையிலிருந்து தட்டிவிட்டார். இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடிவந்து தள்ளுமுள்ளு ஆனது. நடுவர் ஸ்டிமாச்சுக்கு சிவப்பு அட்டை காட்டினார். மைதானமே அவருக்காகக் கத்தியது. ஆட்டம் 4-0, சேத்ரிக்கு ஹாட்ரிக். ஜூலை 4-ம் தேதி அதே கண்டீரவாவில் குவைத்தை பெனால்டியில் வென்று கோப்பையையும் தூக்கினார்கள். அந்த மாதமே உலகத் தரவரிசையில் இந்தியா 99-வது இடத்துக்கு வந்தது.

ஒரு வருடம்கூட முழுசாக நிற்கவில்லை அந்த சந்தோஷம். 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூன் 6 கொல்கத்தாவில் சேத்ரி விடைபெற்ற ஆட்டம் குவைத்தோடு 0-0. ஐந்து நாள் கழித்து தோஹாவில் கத்தாரிடம் 1-2. கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப் போட்டு அடித்த கோலை அன்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஜூன் 17-ம் தேதி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஸ்டிமாச்சை வேலையிலிருந்து நீக்கியது. 2019 மே மாதம் வந்தவர், ஐந்து வருடம் இருந்தவர்.

அடுத்தது யார் என்ற பேச்சு பெங்களூர் ஜோகுபாளையம் பக்கம் சூடு பிடிக்காமல் இருக்குமா? இந்தப் பகுதியின் பழக்கம் அப்படி. ஹலசூரு, ஜோகுபாளையம், மர்பி டவுன், கௌதமபுரம் என்று கன்டோன்மென்டை ஒட்டி வளர்ந்த தமிழ்க் குடியிருப்புகளில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஆடியதைப் பார்த்து வெறுங்காலோடு பந்து விளையாடப் பழகிய தலைமுறைகள் உண்டு. கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது. அந்தப் பகுதிக்கு ‘மினி பிரேசில்’ என்றே பெயர். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக்கான 1948 லண்டனில் பிரான்சுக்கு எதிராக நம் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் மைசூர் அணிக்கு ஆடியவர். ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற ‘பஞ்ச பாண்டவர்’ முன்வரிசையில் இருந்த அகமது கானும் தன்ராஜும் பெங்களூர்க்காரர்கள். ஆட்டக்காரரைப் பற்றிப் பேச இந்த ஊருக்கு முழு உரிமை உண்டு. கோச்சைப் பற்றியும்தான்.

ஸ்டிமாச் போன கையோடு எழுந்த பேச்சில் இரண்டு கட்சி. ஃபாரின் கோச்தான் சரி என்பது ஒன்று. வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கல்கத்தா, கோவா, கேரளா, வடகிழக்கு என்ற பாசம் கிடையாது, சம்மேளனத்து ஆட்களுக்குப் பயப்படவும் மாட்டான் என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. ஸ்டிமாச்சே சம்மேளனத்தையும் லீகையும் வெளிப்படையாகச் சாடியவர்தான். நம்மவனுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்பது இன்னொரு கட்சி. பையன்களின் பாஷை தெரியும், நம் கிரவுண்டும் வெயிலும் பழக்கம், இங்கே வந்து ஒரு வருடம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

பெங்களூரில் மட்டும் மூன்றாவதாக ஒரு பேச்சு உண்டு. ஆல்பர்ட் ரோகாவை விட்டோமே என்ற ஆதங்கம். 2019-ல் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் போனபின் இந்திய கோச் வேலைக்குக் கடைசிச் சுற்றுவரை வந்த நான்கு பேரில் ரோகாவும் ஒருவர். வேலை ஸ்டிமாச்சுக்குப் போனது. ரோகாவை இந்த ஊர் ஏன் இன்னும் மறக்கவில்லை என்பதற்கு 2016-க்குப் போக வேண்டும்.

பெங்களூரு எஃப்.சி. 2013-ல் பிறந்த கிளப். முதல் கோச் இங்கிலாந்துக்காரர் ஆஷ்லி வெஸ்ட்வுட். முதல் சீசனிலேயே ஐ-லீக் கோப்பை, 2015-ல் ஃபெடரேஷன் கோப்பை, 2016-ல் மறுபடி ஐ-லீக். மூன்று வருடத்தில் ஊரையே நீலச் சட்டைக்குள் கொண்டுவந்த மனிதர் அந்த 2016-லேயே விடைபெற்றபோது இனி அவ்வளவுதான் என்று பயந்தவர்கள் நிறைய. வந்தவர் ஸ்பெயின்காரர் ரோகா, ஒருகாலத்தில் பார்சிலோனாவில் உதவி கோச்சாக இருந்தவர். அக்டோபர் 19-ம் தேதி ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் ஜோகோர் அணி கண்டீரவாவுக்கு வந்தது. முதலில் கோல் போட்டதும் அவர்கள்தான். பிறகு சேத்ரி இரண்டு, ஜுவானன் ஒன்று, 3-1. இந்திய கிளப் ஒன்று அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனது அதுவே முதல் தடவை. நவம்பர் 5-ம் தேதி தோஹாவில் ஈராக் விமானப்படை அணியிடம் 0-1 என்று தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பெங்களூரில் யாரும் ரோகாவைத் திட்டியதாக எனக்கு நினைவில்லை.

2018-ல் ரோகா போனதும் கிளப் வெளியே தேடவில்லை. அவருடைய உதவி கோச்சாக இருந்த கார்லெஸ் குவாட்ராட்டையே மேலே ஏற்றியது. மறு வருடம் மார்ச் 17-ம் தேதி மும்பையில் கூடுதல் நேரத்தின் கடைசியில், 117-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை ராகுல் பேக்கே தலையால் முட்டினார். கோவா தோற்றது, ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை பெங்களூருக்கு வந்தது.

இந்த இரண்டு மாற்றத்திலும் எனக்குப் படுவது ஒன்றுதான். வெஸ்ட்வுட் விட்டுப் போனது கெட்டியான ஒரு அணியை. சேத்ரி இருந்தார், பழகிய தடுப்புவரிசை இருந்தது, கிளப்புக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த நிர்வாகமும் இருந்தது. ரோகா அதைக் கலைக்கவில்லை. குவாட்ராட்டும் கலைக்கவில்லை. லிவர்பூலில் யூர்கன் குளோப் 2024-ல் போனபின் வந்த ஆர்னே ஸ்லாட் முதல் சீசனிலேயே லீக் பட்டம் வென்றதும் இப்படித்தான். மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்தது நேர்மாறு. 26 வருடம் இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 2013-ல் சாம்பியன் பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அவரே கைகாட்டிய டேவிட் மோயஸ் பத்து மாதம்தான் தாக்குப்பிடித்தார். ஃபெர்குசன் விட்டுப் போன அணியில் தூண்களாக இருந்தவர்களுக்கு வயதாகிவிட்டிருந்தது, வாங்குகிற விற்கிற வேலையைப் பார்த்த நிர்வாகியும் அதே வருடம் விலகியிருந்தார். அடுத்தவர் யார் என்பதைவிட, போகிறவர் வீட்டை எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறார் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை இந்திய அணிக்குப் போட்டுப் பாருங்கள். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு கிளப்புகள் ஆட்களை விடவில்லை. கடைசி நேரத்தில் திரட்டிய அணி முந்தின நாள் போய் இறங்கி மறுநாள் சீனாவிடம் 1-5 என்று தோற்றது. ஆசியக் கோப்பைக்கு நீண்ட கேம்ப் கேட்ட ஸ்டிமாச்சுக்கு அது கிடைக்கவில்லை. அவர்மேல் எனக்கும் குறை உண்டு. ஐந்து வருடத்தில் சேத்ரிக்கு அடுத்த ஸ்ட்ரைக்கரை அவர் உருவாக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவருக்கு இன்னும் குறைவாகத்தான் கொடுத்தோம். 2024 ஜூலையில் வந்த மனோலோ மார்க்கெஸ் அப்போது கோவா அணிக்கும் கோச். முதல் சீசன் முழுக்க இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்த்தார். நாட்டின் அணிக்கு ஒரு பகுதிநேர கோச்! எட்டு ஆட்டம், ஒரே வெற்றி, அதுவும் மாலத்தீவுடன். ஒரு வருடத்தில் விலகினார். தரவரிசை 133.

மறுபடி நாற்காலி காலி. இந்தத் தடவை 170 பேர் விண்ணப்பித்தார்கள். ஷாவி, குவார்டியோலா பெயரில்கூட மின்னஞ்சல் வந்ததாகச் செய்தி பரவியது, பிறகு அவை உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே சொன்னது. இறுதிப் பட்டியலில் மூன்று பேர். பழைய கோச் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் டார்கோவிச், நம்ம காலித் ஜமீல். 2025 ஆகஸ்ட் 1-ம் தேதி ஜமீல் என்று முடிவானது. 2012-ல் சாவியோ மெதீரா போனபின் முழுநேரப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். ஐஸ்வால் என்ற சின்ன ஊர் கிளப்பை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். ஐ.எஸ்.எல். பிளேஆஃப் வரை ஒரு அணியைக் கொண்டுபோன முதல் இந்திய கோச்சும் அவரே.

மூன்று நாள் கழித்து பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தது. லீகை நடத்தும் ஒப்பந்தம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாத நேரம் அது. கோல்கீப்பர் குருப்ரீத், ஓய்விலிருந்து திரும்பியிருந்த சேத்ரி என்று இந்திய அணியின் முதுகெலும்பே ஆடிய கிளப். லீக் குறித்த காலத்தில் தொடங்கவில்லை. மாதக்கணக்கில் போட்டி ஆட்டம் இல்லாத ஆட்களைத் திரட்டித்தான் ஜமீல் வேலையை ஆரம்பித்தார்.

ஆரம்பம் நன்றாகவே இருந்தது. ஒரு தொடரில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2-1, அதே தொடரின் மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஓமானை பெனால்டியில். அக்டோபரில் சிங்கப்பூரோடு அங்கே டிரா, கோவாவில் 1-2 தோல்வி, ஆசியக் கோப்பை வாய்ப்பு போயிற்று. நவம்பர் 18 டாக்காவில் பங்களாதேஷிடம் 0-1. மறுநாளே ஜமீலை எடு என்ற குரல் எழுந்தது. மூன்றரை மாதம்.

இதில்தான் எனக்குக் கோபம். ஃபாரின் கோச்சுக்கு ஐந்து வருடம் பொறுத்த நாம், நம்மவருக்கு மூன்றரை மாதத்தில் கணக்கு முடிக்கப் பார்க்கிறோம். நம் கால்பந்தின் நல்ல காலம் யார் கையில் இருந்தது? ஹைதராபாத் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம் 1950-லிருந்து 1963-ல் இறக்கும்வரை இந்தியாவின் கோச். 1951 டெல்லி, 1962 ஜகார்த்தா இரண்டிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். ஸ்டிமாச் நீக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அவர் கதையை ‘மைதான்’ என்று இந்தியில் படமாக எடுத்து வெளியிட்டார்கள். அவருக்குப் பின் வந்த இங்கிலாந்துக்காரர் ஹாரி ரைட் 1964 ஆசியக் கோப்பையில் இந்தியாவை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனது ரஹீம் வளர்த்த ஆட்களை வைத்து. 1970 பாங்காக்கில் ஜி.எம்.எச். பாஷாவும் பி.கே. பானர்ஜியும் வெண்கலம் வாங்கிக் கொடுத்தார்கள். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்தில் நாம் கண்ட கடைசிப் பதக்கம் அது.

நம்மவரை நம்பாத இந்தக் கதை கிளப்புகளிலும் உண்டு. 2021 ஜனவரியில் குவாட்ராட்டை நீக்கிய பெங்களூரு எஃப்.சி. நௌஷாத் மூசாவை இடைக்காலத்துக்கு உட்கார வைத்தது. 2023 டிசம்பரில் சைமன் கிரேசன் போனபோது ரெனெடி சிங் இடைக்காலம். சீசன் கெட்டபின், அணி சோர்ந்தபின், அடுத்த விமானத்தில் வேறொருவர் வந்து இறங்கும்வரை நாற்காலியைக் காப்பாற்ற ஓர் இந்தியர். ஜமீலேகூட ஐ.எஸ்.எல்.லில் முதலில் இடைக்கால கோச்சாகத்தான் தொடங்கினார்.

ஆகவே என் ஓட்டு ஜமீலுக்கு, அதுவும் முழு நான்கு வருடத்துக்கு. ஒரு ஆசியக் கோப்பைச் சுற்று முழுக்க. தோற்றாலும். அதோடு கிளப்புகள் ஆட்களை விட வேண்டிய கேம்ப் நாட்களை சீசன் தொடங்கும் முன்பே எழுத்தில் வைக்க வேண்டும்.

ஜமீலுக்கு அடுத்தவர் எங்கிருந்து வருவார் என்பதை இந்தப் பக்கத்து மைதானங்களில் நின்று யோசித்தால் மனசு கனக்கிறது. ஒருகாலத்தில் பெங்களூரில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., சி.ஐ.எல்., ஏ.டி.இ. என்று ஆபீஸ் அணிகள் நிறைய. நன்றாக ஆடினால் வேலை, வேலை இருந்தால் குடும்பம். அப்படி ஆடி ஓய்வு பெற்றவர்கள்தான் பலகாலம் விடிகாலையில் சம்பளமில்லாமல் பையன்களுக்குப் பந்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கர்நாடகம் 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று 54 வருடத்துக்குப் பின் சந்தோஷ் டிராஃபியைத் திரும்ப வாங்கியபோது கோச்சாக நின்றவர் ரவி பாபு ராஜு. உள்ளூர் கோச்சால் கோப்பை வாங்க முடியும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆட்டக்காரனுக்கு அன்று இருந்த ஏணி கோச்சுக்கு இல்லை. ஐ.எஸ்.எல். அணிக்குத் தலைமை கோச் ஆக புரோ லைசென்ஸ் வேண்டும். அதற்கு முன்னால் டி, சி, பி, ஏ என்று ஒவ்வொன்றாக ஏறி வர வேண்டும், ஒவ்வொரு படிக்கும் கட்டணம், லீவு, வெளியூர் தங்கல். ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டு பையன்களைப் பழக்குகிற மனிதர் இதற்கு எங்கே போவார்? மாநில சங்கமும் பெங்களூரு எஃப்.சி.யும் சேர்ந்து, ஹலசூரு, ஜோகுபாளையம், ஆஸ்டின் டவுன் பக்கத்து முன்னாள் ஆட்டக்காரர்களில் வருடத்துக்கு ஐந்து பேருக்கு லைசென்ஸ் செலவை ஏற்றுக்கொண்டால் போதும். ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் சம்பளத்தில் சின்னப் பங்குகூட வராது அந்தத் தொகை.