எந்த ரங்கராஜன்? கணினிக் கணக்கில் உங்கள் படம்

ஸ்ரீரங்கத்துத் தெரு ஒன்றில் நின்று "ரங்கராஜன்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் மட்டுமா திரும்புவார்? அரங்கன் பெயரை வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் ஊர் அது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். 'பெயரன்' என்ற சொல்தான் 'பேரன்' ஆனது என்பார்கள். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு ரங்கராஜன் இருப்பது அதிசயமில்லை.

இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சந்தித்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்த அவருடைய இயற்பெயர் ரங்கராஜன். பத்திரிகை உலகில் ரா.கி.ரங்கராஜன் ஏற்கெனவே இருந்ததால், மனைவியின் பெயரையே தன் புனைபெயராக்கிக்கொண்டார். பெயர் மாற்றிக்கொள்வது எழுத்தாளருக்குச் சரி. வீட்டுக் கணினியில் உட்காரும் தாத்தாவும் பேரனும் என்ன செய்வது? அவர்களுக்குச் சுலபமான வழி, கணக்கில் ஆளுக்கொரு படம் வைத்துக்கொள்வது.

படம் எதற்கு?

ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால், ஆளுக்கொரு பயனர் கணக்கு இருப்பது நல்லது. ஒருவர் சேமிக்கும் கோப்புகள் அவருடைய கணக்குக்குள்ளேயே இருக்கும். இதில்தான் சிக்கலும் வருகிறது. தாத்தாவின் கணக்கு திறந்திருக்கும்போது பேத்தி உட்கார்ந்து, தன் முதல் பட்டதாரி சான்றிதழைப் பதிவிறக்கி வைத்துவிடுகிறாள். மறுநாள் தன் கணக்கில் தேடினால் கிடைக்காது. "நேத்து இதே கம்ப்யூட்டர்லதானே சேவ் பண்ணேன், காணோமே!" என்று வீடே பரபரக்கும். கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள் என்றால் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

கணக்கின் பெயரைப் படித்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் இருக்கும். ஒரே பெயர் என்றால் ஒன்றின் பின்னால் '2' என்று ஒட்டியிருக்கும். கண்ணாடியைத் தேடும் பெரியவருக்கு அந்த '2' கண்ணில் படாது, முகம் பட்டுவிடும்.

இந்த உண்மையை நம் தேர்தல்கள் எப்போதோ கண்டுகொண்டன. 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலிலேயே, எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிக்கச் சின்னங்கள் துணை நின்றன. ஒரே பெயரில் பல வேட்பாளர்கள் நின்று வாக்காளரைக் குழப்புவதைத் தவிர்க்க, 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் புகைப்படமும் சேர்ந்தது. அந்த இயந்திரத்தை உருவாக்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனக் குழுவில் முக்கியப் பங்காற்றியவர் நம் சுஜாதாதான்!

எப்படி வைப்பது?

விண்டோஸ் 11 உள்ள கணினியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. உங்கள் கணக்கில் நுழைந்து, விசைப்பலகையில் விண்டோஸ் விசையையும் 'ஐ' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். 'செட்டிங்ஸ்' திறக்கும்.
2. இடப்பக்கப் பட்டியலில் 'அக்கவுண்ட்ஸ்', அதற்குள் 'யுவர் இன்ஃபோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
3. அங்கே இரண்டு வழிகள் உண்டு. 'ஓப்பன் கேமரா' என்றால் அப்போதே படம் எடுத்துக்கொள்ளலாம். 'பிரவுஸ் ஃபைல்ஸ்' என்றால் ஏற்கெனவே கணினியில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.
4. படத்தைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்ததும் வேலை முடிந்தது. அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது நுழைவுத் திரையில் உங்கள் படம் நிற்கும்.

விண்டோஸ் 10-லும் வழி ஏறக்குறைய இதேதான். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் 'யூசர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அங்கே தெரியும் படத்தின் மேல் சொடுக்கினால் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் இன்னும் தனித்தனிக் கணக்கே இல்லையா? அதே 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் 'அதர் யூசர்ஸ்', 'ஆட் அக்கவுண்ட்' என்று போய்ப் புதிய கணக்கு தொடங்கலாம். பிள்ளைகளின் கணக்கை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' ஆக்காமல் 'ஸ்டாண்டர்ட்' வகையிலேயே விடுங்கள். கணினியின் முக்கிய அமைப்புகளைத் தெரியாமல் மாற்றிவிடும் வாய்ப்பு குறையும்.

எந்தப் படம் நல்லது?

முகத்தைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று தோன்றுவது ராஜகோபுரம்தான். 1987இல் நிறைவுபெற்ற, 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட கோபுரம் அது. ஆனால் கணக்குப் படம் சின்ன வட்டத்துக்குள் தெரியும். உயரமான படத்தை அப்படியே போட்டால் மேலே கலசமும் கீழே வாசலும் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். எனவே படத்தை முதலில் 'ஃபோட்டோஸ்' செயலியில் திறந்து, வேண்டிய பகுதி நடுவில் வருமாறு சதுரமாக வெட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். முகப்படத்துக்கும் இதே கணக்குதான். கல்யாணத்தில் எடுத்த குழுப்படத்தைப் போட்டால் யார் முகமும் தெரியாது.

வீட்டில் எல்லோரும் ராஜகோபுரத்தையே வைத்தால் பழையபடி குழப்பம்தான். தாத்தாவுக்கு ராஜகோபுரம், பாட்டிக்கு வெள்ளை கோபுரம், அப்பாவுக்கு மலைக்கோட்டை, பேத்திக்குக் காவிரி என்று நிறத்திலும் வடிவத்திலும் வேறுபடுத்தி வையுங்கள். தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

படம் பூட்டு அல்ல

இதை நன்றாக மனதில் வையுங்கள். "இது யாருடைய கணக்கு?" என்ற கேள்விக்குத்தான் படம் பதில் சொல்லும். "உட்கார்ந்திருப்பவர் அவர்தானா?" என்று அது பார்க்காது. அதைப் பார்ப்பது கடவுச்சொல், பின் எண் போன்றவை. பெயர்ப்பலகை மாட்டிவிட்டோம் என்று வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டா போகிறோம்? ஓய்வூதிய ஆவணமும் வங்கி விவரமும் உள்ள கணக்குக்குப் படம் வைத்த கையோடு கடவுச்சொல்லும் வையுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். கணினியில் மட்டும் இயங்கும் உள் கணக்கு என்றால் படம் அந்தக் கணினியோடு நின்றுவிடும். இணையத்தோடு இணைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அதே படம் உங்கள் மின்னஞ்சல் போன்ற சேவைகளிலும் தெரியலாம். ஆதார் அட்டை, வீட்டு இலக்கம், பிள்ளையின் பள்ளிச் சீருடை போன்றவை தெரியும் படத்தை வைக்காதீர்கள்.

இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ பொதுக் கணினியில் வேலை முடிந்ததும், உங்கள் இணையக் கணக்கில் இருந்து வெளியேறிவிட்டீர்களா என்று பாருங்கள். திரையின் ஓரத்தில் உங்கள் படம் இன்னும் தெரிந்தால், நீங்கள் இன்னும் வெளியேறவில்லை என்று அர்த்தம். ஸ்கேன் செய்த புகைப்படம், சான்றிதழ் ஆகியவற்றை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லுங்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் விடாதீர்கள், கேட்பது உங்கள் உரிமை. யாராவது உங்கள் படத்தையோ கணக்கையோ பயன்படுத்திப் பண மோசடி செய்ததாகத் தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டுப் பெரியவரை அருகில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த படத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கணினியைத் திறக்க அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.