அதிவேக இணையம்: அப்லோட் வேகத்தையும் கேளுங்கள்!

சிவகாசியில் என் மாமா ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் காலண்டர் சீசனில் டிசைன்கள் சிடியில் பதிவாகி, சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வரும். சிடியில் கீறல் விழுந்தால் ஒரு நாள் போச்சு. மெஷின் சும்மா நிற்கும். ஆட்களின் கூலி நிற்காது.

ஒரு சிடி 700 எம்பி. 56 கேபிபிஎஸ் டயல்-அப் மோடத்தில் அதை இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்டுக்குக் குறைந்தபட்சமாக வரையறுத்த 256 கேபிபிஎஸ் வேகத்தில் ஆறு மணி நேரம். (2023-ல் இது 2 எம்பிபிஎஸ் ஆனது.) 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் சுமார் ஒரு நிமிடம்தான்! எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு 12.5 எம்பி.

ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகம். சினிமா பார்க்க அது போதும். மாமா முதலில் எடுத்த இணைப்பில் டிசைன் சட்டென்று வந்துவிடும்; திருத்திய ஃபைலைத் திருப்பி அனுப்பத்தான் அரை மணி நேரம் பிடிக்கும். வாடிக்கையாளர் போனில் கத்துவார்.

வீட்டிலிருந்து தொழில் செய்ய இணைப்பு எடுக்கிறீர்களா? அப்லோட் வேகம் எவ்வளவு, மாத டேட்டா வரம்பு முடிந்தபின் வேகம் எவ்வளவு குறையும் என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.