ஆடிப் பார்த்த பாடம் – 11: நாலு சீட்டும் ஒரு சூளையும்

நில வாடகையின் அநியாயத்தைப் புரியவைக்க லிசி மேகி 1904-இல் காப்புரிமை வாங்கிய ஆட்டம், கடைசியில் மோனோபலியாகி அடுத்தவரைப் போண்டியாக்கும் ஆட்டமாக மாறியதைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் நகரம் கட்டும் கம்ப்யூட்டர் ஆட்டமான சிம்சிட்டி என்று சொல்லியிருந்தேன். அதற்கு மூத்த உறவான ‘பீர் விளையாட்டு’ குறுக்கே வந்து நிற்கிறது. சூளைகளும் செராமிக் கல்லூரியும் உள்ள விருத்தாசலத்தை மனதில் வைத்து அதைப் பார்த்தால் சட்டென்று நகர மனம் வரவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த ஆட்டம் இது. பெயரில்தான் பீர், ஆடுவது சரக்குக் கணக்கு. நீளமான பலகையைச் சுற்றி நான்கு பேர்: சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர். ஆளுக்கு 12 பெட்டி இருப்பு. வாரத்துக்கு ஒரு சுற்று. தனக்கு எவ்வளவு வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கவிழ்த்து அடுத்தவர் பக்கம் தள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கேட்ட சரக்கு கைக்கு வரச் சில வாரம் ஆகும். தேங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர் செலவு. கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு ஒரு டாலர். வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் 4 பெட்டி கேட்கிறார், ஐந்தாம் வாரத்திலிருந்து 8. அதன்பின் கடைசிவரை 8தான்.

இந்த ஒரே ஒரு மாற்றம் என்ன பாடு படுத்துகிறது என்பதை எம்.ஐ.டி. பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் எழுதினார். 8 பெட்டித் தேவை நான்கு கை மாறி ஆலையை எட்டும்போது, அங்கே ஆர்டரின் உச்சம் சராசரியாக 32 பெட்டி! செலவோ, நிதானமாக ஆடினால் ஆகக்கூடியதைப் போலப் பத்து மடங்கு. கேட்ட சரக்கு வழியில் வந்துகொண்டிருப்பதை மறந்துவிட்டு மறுபடி மறுபடி கேட்பதுதான் காரணம். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து குவிய, ஆர்டர் அடியோடு நின்றுபோகிறது. ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் வாராவாரம் எவ்வளவு கேட்டிருப்பார் என்று வரையச் சொல்வார்கள். பலரும் மேடும் பள்ளமுமாக வரைவார்கள். அசல் கணக்கு ஒரே ஒரு படிதான் ஏறியிருக்கும்.

இதன் பின்னால் இருக்கும் கோட்பாடு ஜே ஃபாரஸ்டருடையது. நெப்ராஸ்கா மாநிலத்தின் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். பள்ளி நாட்களிலேயே பழைய கார் பாகங்களைக் கொண்டு காற்றாலை செய்து பண்ணைக்கு மின்சாரம் கொடுத்தவர். பின்னாளில் கம்ப்யூட்டருக்குக் காந்த நினைவகம் கண்டவர். கென்டகியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் சில வருடம் மூன்று நான்கு ஷிப்ட் ஓடுவதும், சில வருடம் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவதும் ஏன் என்று 1950-களில் அவரிடம் கேட்டார்கள். நோட்டுத் தாளில் பென்சிலால் கணக்குப் போட்டார். வாடிக்கையாளரின் ஆர்டர் சீராக இருந்தாலும், இருப்பையும் ஆர்டரையும் முடிவு செய்யும் முறையே அலையைக் கிளப்பிவிடும் என்பது அவர் கண்ட விடை.

இந்த வாரம் என்னைத் தூக்கிப்போட்ட செய்தி இனிமேல்தான். குரோசன், டோனஹூ, கட்டோக், ஸ்டெர்மன் நால்வரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் தேவையை மாற்றவே இல்லை. வாரம் 4 பெட்டி, எப்போதும் 4 பெட்டி. அதை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லியும் விட்டார்கள். ஆளுக்கு 4 என்று எழுதிக்கொண்டே இருந்தால் போதும். அப்படியும் அலை எழுந்தது! எனக்குத் தெரியும், ஆனால் பக்கத்து ஆள் சரியாக எழுதுவாரா என்ற சந்தேகத்தில் ஒருவர் கொஞ்சம் கூட்டிக் கேட்கிறார். அதைப் பார்த்து அடுத்தவர் பதறுகிறார். கூடுதல் இருப்போடு தொடங்கியபோது பதற்றமும் அலையும் தணிந்தன.

இதை விருத்தாசலத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே அகல் விளக்கு செய்கிறார்கள், பியூஸ் கேரியர் செய்கிறார்கள், பொம்மை செய்கிறார்கள். திருக்கார்த்திகை என்றைக்கு என்று பஞ்சாங்கம் வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தேதி தெரிந்தால் அவசரம் இருக்காது என்றுதான் நானும் நினைத்திருப்பேன். தேதி தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் மேல் நம்பிக்கையும் வேண்டும் என்கிறது அந்த ஆய்வு. இந்த இடத்தில் ஆட்டம் கோட்பாட்டுக்கு முழு விசுவாசமாக இருக்கிறது.

சூளைக்கு விசுவாசமாக இருக்கிறதா? இல்லை. ஆட்டத்து ஆலை 32 கேட்டால் 32 தரும். சூளைக்கு அடுக்கும் இடம் ஓர் அளவுதான். பாதி அடுக்கிச் சுட்டாலும் எரிபொருள் பாதியாகக் குறையாது. தாமதமும் தபாலில் வருவதல்ல. மண்ணின் குணத்தில் வருவது. பச்சைச் சரக்கு காயாமல் உள்ளே போனால் வெடிக்கும். ஆற விடும்போது 573 டிகிரியை ஒட்டிக் களிமண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் சரக்கு விரிசல் விடும். உடைசலுக்கு ஆட்டத்தில் கட்டமே இல்லை.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று உண்டு. ஆட்டத்தில் நால்வரின் செலவையும் கூட்டி ஒரே அணிக் கணக்காக எழுதுகிறார்கள். நஷ்டம் பொது. நிஜத்தில் அவரவர் நஷ்டம் அவரவர்க்கு. வியாபாரி பதறிக் கேட்டுவிட்டுப் பிறகு ஆர்டரை நிறுத்தினால், சுட்டு அடுக்கிய சரக்கு சூளைக்காரர் தலையில். அலை எப்படி எழுகிறது என்று பீர் விளையாட்டு துல்லியமாகச் சொல்கிறது. அது யார் மேல் வந்து அடிக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை.

செராமிக் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு மாணவர்கள், துண்டுச்சீட்டு, புளியங்கொட்டை போதும். மூன்று விதிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சூளைக்கு உச்ச அளவு, சுற்றுக்குச் சுற்று உடைசல், ஆளுக்குத் தனிக் கணக்கு. முடிவில் ஆலைக்காரராக உட்கார்ந்த மாணவரை முதலில் பேச விடுங்கள்.

ஃபாரஸ்டர் 1969-இல் நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகம்தான் சிம்சிட்டிக்கு வித்து. அது அடுத்த வாரம்.