ஒரே ஒரு போட்டோ... ஊரெல்லாம் டி-ஷர்ட்: சே குவேரா விற்பனைப் பொருளானது எப்படி?

ஹவானாவின் பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளிடம் தெருவோர வியாபாரிகள் நீட்டும் பொருட்களில் ஒன்று, 3 பெசோ நோட்டு. கியூபாவின் சாதாரணப் பணம்தான். ஆனால் அதில் சே குவேராவின் படம் இருக்கிறது. அதனாலேயே, அதன் மதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்து நினைவுப் பொருளாக வாங்கிப் போகிறார்கள். பக்கத்துக் கடையில் அதே முகம் தொப்பியில், காபி மக்கில், சாவிக்கொத்தில், டி-ஷர்ட்டில் தொங்குகிறது.

முதலாளித்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று துப்பாக்கி தூக்கியவர், உலகமெங்கும் விற்பனையாகும் முகமாக மாறியது எப்படி? அந்தப் படத்தை எடுத்தது யார்? காசு யாருக்குப் போகிறது?

பத்திரிகை வேண்டாம் என்று ஒதுக்கிய படம்

1960 மார்ச் 4 அன்று, ஹவானா துறைமுகத்தில் ஆயுதங்களை இறக்கிக்கொண்டிருந்த 'லா கூப்ர்' என்ற பிரெஞ்சு சரக்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. பல பத்து பேர் பலியானார்கள். மறுநாள் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஃபிடல் காஸ்ட்ரோ பேசினார். 'ரெவொலூசியோன்' நாளிதழுக்காக அங்கே படமெடுத்துக்கொண்டிருந்தவர் ஆல்பர்ட்டோ கோர்டா. அதற்கு முன்பு ஃபேஷன் போட்டோகிராபராக இருந்தவர்.

மேடையின் விளிம்புக்குச் சில நொடிகள் மட்டும் வந்து நின்றார் சே. அப்போது அவருக்கு வயது 31. கோர்டா இரண்டே கிளிக் எடுத்தார். அடுத்த நாள் நாளிதழில் ஃபிடல் படம் வந்தது, கூட்டத்துக்கு வந்திருந்த பிரெஞ்சு எழுத்தாளர்கள் சார்த்தர், சிமோன் த பொவ்வார் படங்களும் வந்தன. சே படம் வரவில்லை.

கோர்டாவுக்கு மட்டும் அந்தப் படம் பிடித்துவிட்டது. ஃபிரேமில் ஒரு பக்கம் இன்னொருவரின் முகம், மறுபக்கம் பனை ஓலைகள். இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் பிரின்ட் போட்டு ஸ்டூடியோ சுவரில் மாட்டினார். ஏழு வருடம் அது அங்கேயே தொங்கியது.

சும்மா கொடுத்த 2 பிரின்ட்

1967-ல் இத்தாலியப் பதிப்பாளர் ஜியான்ஜியாகோமோ ஃபெல்ட்ரினெல்லி, சே படம் கேட்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். கோர்டா காசு வாங்காமல் இரண்டு பிரின்ட் கொடுத்தார். சில மாதங்களில், அக்டோபர் 8 அன்று, பொலிவியக் காட்டில் சே பிடிபட்டார். மறுநாள் லா இகேரா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபெல்ட்ரினெல்லி அந்தப் படத்தைப் போஸ்டராக அச்சடித்து விற்றார். கோர்டாவின் பெயர் எங்கும் இல்லை.

1968-ல் அயர்லாந்து ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக், இதே படத்தை வைத்து சிவப்புப் பின்னணியில் கறுப்பு முகமாக ஒரு போஸ்டர் வரைந்தார். எல்லோர் கைக்கும் போய்ச் சேரட்டும் என்று பதிப்புரிமை கேட்காமல் விட்டார். இன்று டி-ஷர்ட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இவர் வரைந்ததைத்தான். தோள் பகுதியில் தன் பெயரின் முதல் எழுத்தான 'எஃப்'பைத் திருப்பிப் போட்டு ஒளித்துவைத்திருக்கிறார். அடுத்த முறை உற்றுப் பாருங்க.

இது பரவியதற்கு ஒரு சாதாரணத் தொழில் காரணமும் உண்டு. இடைப்பட்ட நிழல்கள் போய், கறுப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சிய படம் இது. ஒரே ஒரு மை இருந்தால் போதும், ஸ்கிரீன் பிரின்டிங்கில் துணி, சுவர், தட்டி என எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம். தாடி, முடி, நட்சத்திரத் தொப்பி இருந்துவிட்டால், மோசமாக அச்சடித்தால்கூட ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

வோட்காவுக்கு மட்டும் வழக்கு

இலக்கியம், கலைப் படைப்புகளின் உரிமையைக் காக்கும் பெர்ன் ஒப்பந்தத்தில் கியூபா 1997-ல்தான் சேர்ந்தது. அதுவரை வெளிநாட்டில் யார் அச்சடித்தாலும் கோர்டாவால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. ராயல்டியும் வரவில்லை.

2000-ல் ஸ்மிர்னாஃப் வோட்கா விளம்பரத்தில் சே முகம் வந்தபோதுதான் அவர் லண்டனில் வழக்குப் போட்டார். சேவின் கொள்கையைப் பரப்புகிறவர்கள் படத்தைப் பயன்படுத்துவதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, மது விற்கக் கூடாது என்பதே அவர் வாதம். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, 50,000 டாலர் கிடைத்தது. அதைக் கியூபாவின் மருத்துவச் சேவைக்குக் கொடுத்துவிட்டார். மறு ஆண்டே பாரிஸில் காலமானார்.

பயணிகளுக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?

பேக்பேக் மாட்டிக்கொண்டு கிளம்புபவர்களுக்கு சே ஒரு சக பயணி. 1952-ல், மருத்துவ மாணவராக இருந்த 23 வயது எர்னெஸ்டோ, நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவுடன் ஒரு பழைய நார்ட்டன் 500 மோட்டார் சைக்கிளில் அர்ஜென்டினாவிலிருந்து கிளம்பினார். வண்டிக்கு 'லா பொடெரோசா', அதாவது வலிமையானவள் என்று பெயர். வலிமையானவள் சிலியிலேயே படுத்துவிட்டாள். அதன் பிறகு லாரியில் தொற்றி, கப்பலில் திருட்டுத்தனமாக ஏறித்தான் பயணம் தொடர்ந்தது.

சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கத்தின் தொழிலாளர் நிலை, பெருவில் சான் பாப்லோ தொழுநோய் இல்லத்தில் கழித்த நாட்கள், இவையெல்லாம் அவரை மாற்றின. அந்தக் குறிப்புகள் புத்தகமாகின. 2004-ல் வால்டர் சாலஸ் இயக்கத்தில் 'தி மோட்டார்சைக்கிள் டைரீஸ்' படமும் வந்தது. துப்பாக்கி இல்லாத, பைக் ஓட்டும் சே அதில் கிடைத்தார். அரசியல் தெரியாதவர்களுக்கும் அவரைப் பிடித்துப்போனது அப்படித்தான்.

அப்போ, கியூபாவே விற்கிறதா?

ஆமாம். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்ததும் கியூபாவின் பொருளாதாரம் முடங்கியது. அந்நியச் செலாவணிக்காகச் சுற்றுலாவைத் திறந்துவிட்டார்கள். 1993-ல் டாலர் வைத்திருப்பது சட்டபூர்வமானது. அதே ஆண்டில்தான், ஹவானா புரட்சிச் சதுக்கத்தில் உள்துறை அமைச்சகச் சுவரில் சேவின் பிரம்மாண்டமான உலோக முகமும் வந்தது. செல்ஃபி எடுக்காமல் அங்கிருந்து யாரும் திரும்புவதில்லை. 1997-ல் பொலிவியாவில் அவர் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டு, சாந்தா கிளாராவில் அடக்கம் செய்யப்பட்டன. அந்த நினைவிடமும் சுற்றுலா வரைபடத்தில் சேர்ந்தது.

பொலிவியாவில் கதை இன்னும் வினோதம். 1967-ல் ஒரு விவசாயிகூடத் தன் படையில் சேரவில்லை என்று சே டைரியில் புலம்பியிருக்கிறார். இன்று அதே பகுதியில் 'சே பாதை' என்று ஒரு சுற்றுலா வழித்தடம் இருக்கிறது. அவர் உடலைக் கிடத்தியிருந்த வாயேகிராண்டே மருத்துவமனைச் சலவைக்கூடம், அவர் சுடப்பட்ட பள்ளிக்கூடம் என எல்லாம் அதில் உண்டு. உள்ளூர்க்காரர்களில் சிலர் 'புனித எர்னெஸ்டோ' என்று அவரை வேண்டிக்கொள்ளவும் செய்கிறார்கள்.

எல்லோருக்கும் ஹீரோ இல்லை

1959-ல் ஹவானாவின் லா கபானா கோட்டை சேவின் பொறுப்பில் இருந்தது. பாடிஸ்டா ஆட்சியைச் சேர்ந்த பலர் அங்கே புரட்சி நீதிமன்றங்களில் விசாரிக்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாட்டைவிட்டு வெளியேறிய கியூபக் குடும்பங்களுக்கு இந்த டி-ஷர்ட்டைப் பார்த்தால் கோபம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2012-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சி ஒன்றில், தொப்பியில் நட்சத்திரத்துக்குப் பதிலாகத் தன் சின்னத்தை வைத்து சே படத்தைக் காட்டியது மெர்சிடிஸ்-பென்ஸ். எதிர்ப்பு கிளம்பியதும், அதன் தாய் நிறுவனம் டைம்லர் மன்னிப்புக் கேட்டது. 2017-ல் அயர்லாந்து அஞ்சல் துறை, ஃபிட்ஸ்பாட்ரிக் ஓவியத்துடன் 1 யூரோ தபால்தலை வெளியிட்டபோதும் இதே கண்டனம் எழுந்தது. ஆனாலும் தபால்தலை வேகமாக விற்றுத் தீர்ந்தது.

சரி, காசு யாருக்கு?

படம் எடுத்தவர் பல பத்தாண்டுகள் ஒரு பைசா வாங்கவில்லை. போஸ்டர் வரைந்தவர் உரிமையே கோரவில்லை. தடுக்க யாரும் இல்லாத ஒரு முகத்தை அச்சடிக்க எந்தக் கம்பெனிக்கும் தயக்கம் வரவில்லை. சந்தையை எதிர்த்தவரின் முகம் சந்தைக்கு இவ்வளவு வசதியாகப் போனதற்கு இதுவே முக்கியக் காரணம். கோவாவிலோ பாங்காக்கிலோ வாங்கும் டி-ஷர்ட்டின் லாபம் அச்சடித்தவருக்கும் கடைக்காரருக்கும்தான். லா இகேராவுக்கே போய் ஓர் இரவு தங்கினால், அந்த வாடகையாவது அந்தக் கிராமத்துக்குப் போகும்.